கட்டில் கால்மாட்டில் தொங்கும் தாள்: ஊர் வந்தபோது பார்த்த பிரசவ வார்டும் பிள்ளைகள் வார்டும்

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது ஏ.சி.யையும் மானிட்டரையும்தான். சிக்கலான கர்ப்பமோ சுகமில்லாத கைக்குழந்தையோ கூட இருந்தால், கட்டில் கால்மாட்டில் தொங்கும் தாளைப் பாருங்கள். நர்ஸ் எத்தனை மணிக்கு வந்தார், என்ன அளந்தார், எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இந்த முறை பார்த்த வார்டில் மானிட்டர் அரதப் பழசு, தாள் மட்டும் பளிச். இரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் வேறு வேறு எண்கள் இருந்தன. ராத்திரி முழுக்க 120/80, 120/80 என்று ஒரே கையெழுத்தில் ஓடியிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பில் 160/110ஐத் தொட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி எடுத்தாலும் இறங்கவில்லை என்றால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும். எண்ணே தப்பாக வருவதும் உண்டு. பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க எடுப்பதே சரி.

இந்தக் கொதிப்பு முற்றி வலிப்பு வராமல் தடுக்கப் போடும் மக்னீசியம் சல்பேட்தான் வந்தவர்களை அதிகம் மிரட்டுகிறது. "எங்க நாட்டுல பம்புல ஏத்துவாங்க, இங்க இடுப்புல குத்துறாங்களே" என்பார்கள். அதுவும் உலகம் ஒப்புக்கொண்ட முறைதான். 50 சதவீத மருந்தில் 8 மி.லி. எடுத்து, 12 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் கலந்தால் 20 சதவீதத்தில் 4 கிராம். இதை நரம்பில் மெதுவாகச் செலுத்துவார்கள். அடுத்து ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், அதாவது 10 மி.லி.; வலி குறைய அதே சிரிஞ்சில் 1 மி.லி. லிக்னோகைன். பிறகு 4 மணிக்கொரு தடவை பக்கம் மாற்றி 5 கிராம். பிரசவமோ கடைசி வலிப்போ, எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை இது தொடரும்.

ஊசியைவிட, ஊசிக்கு முந்தின இரண்டு நிமிடம்தான் முக்கியம். அந்த வார்டு சிஸ்டர் கர்ப்பிணியின் முழங்காலுக்கு அடியில் இடக்கையைக் கொடுத்துத் தூக்கி, சில்லுக்குக் கீழே சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கால் துள்ளியது. கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் மூச்சை எண்ணினார். குனிந்து யூரின் பையைப் பார்த்தார். மூன்றையும் எழுதிய பிறகுதான் சிரிஞ்சை எடுத்தார். கால் துள்ள வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வர வேண்டும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீர் குறைந்தால் உடம்பிலேயே தங்கிவிடும். முதலில் கால் துள்ளுவது நிற்கும், அதற்கப்புறம் மூச்சு. முதுகில் போடும் வலி மரப்பு ஊசியான எபிடூரல் போட்டிருந்தால் காலை நம்ப முடியாது, கையில் தட்டிப் பார்க்க வேண்டும். மக்னீசியம் மிஞ்சினால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட், 10 சதவீதத்தில் 10 மி.லி., கட்டிலுக்குப் பக்கத்து டிரேயிலேயே இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் வைத்துவிட்டுச் சாவியைத் தேடும் இடங்களும் இருக்கின்றன.

நாம் கொண்டுவரும் காகிதங்களிலும் வில்லங்கம் உண்டு. சர்க்கரை மில்லிமோல் கணக்கில் 5.3 என்று இருந்தால், மி.கி. கணக்கில் பார்த்துப் பழகியவருக்கு அது விளங்காது. 18ஆல் பெருக்கி 95 என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஹீமோகுளோபின் லிட்டர் கணக்கில் 110 கிராம் என்றால், டெசிலிட்டர் கணக்கு பார்க்கும் இங்கே 11. பிரசவத் தேதி 07/04 என்றிருந்தால் ஏப்ரலா ஜூலையா? மூன்று மாத வித்தியாசம், வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்ற முடிவையே புரட்டிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு திரும்பாமல் தடுக்கும் 28ஆம் வாரத்து ஆன்டி-டி ஊசி பயணத்தில் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறைமாதப் பிள்ளைக்குச் சூடு தரும் வார்மர் இயந்திரத்தைவிடத் தாயின் நெஞ்சே மேல். எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே, வெறும் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பைத் தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஒரு நாளைக்குக் குறைந்தது 8 மணி நேரம். தொப்பி, சாக்ஸ், நாப்கின் தவிர வேறு துணி வேண்டாம். குழந்தை நிமிர்ந்தவாக்கில், தலை ஒரு பக்கம் திரும்பி, சற்றே மேல்நோக்கி இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கும். ரவிக்கைக்கு மேலே படுக்க வைத்து அரை மணியில் திருப்பி எடுத்துவிட்டால் அது கங்காரு ஆகாது. அப்பாவும் செய்யலாம்.

வார்மரில் வைத்தே ஆக வேண்டுமென்றால் குழந்தையின் வயிற்றில் ஒட்டிய, சூட்டை அளக்கும் புரோப்பைக் கவனியுங்கள். அது கழன்று விழுந்தால், குழந்தை குளிர்ந்துவிட்டதாக இயந்திரம் எடுத்துக்கொண்டு இன்னும் சூடேற்றும். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்திருந்தால், கண் பட்டை மூக்குக்கு இறங்கி மூச்சை அடைக்காமல் இருக்க வேண்டும். விளக்கில் வைத்த தோல் வெளுத்துத் தெரியும். மஞ்சள் குறைந்ததா என்பதை ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். குழாய் வழியே பால் கொடுக்கும்போது சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழலை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும். நேரமாகிறதென்று அழுத்தித் தள்ளினால் வாந்தி வரும், பால் நுரையீரலுக்குப் போகும்.

பிள்ளைகள் வார்டில் தப்பு நடப்பது பெரும்பாலும் கணக்கில்தான். 8 கிலோ குழந்தைக்கு மணிக்கு 33 மி.லி. டிரிப் என்று வைத்துக்கொள்வோம். சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு, ஆகவே நிமிடத்துக்கு 33 சொட்டு. அதே 33 சொட்டைப் பெரியவர்களின் 20 சொட்டு செட்டில் விட்டால் மணிக்கு 99 மி.லி., மூன்று மடங்கு. டிரிப் பாட்டிலுக்குக் கீழே பியூரெட் என்ற அளவுக் குழல் போட்டு, அதில் இரண்டு மணி நேரத்துக்கான அளவை மட்டும் நிரப்புகிற வார்டை நம்பலாம். "சொட்டு வேகமானா நீங்களே கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று வீட்டாரிடம் விடுகிற வார்டோடு சண்டை போடலாம்.

காய்ச்சல் மருந்தும் அப்படியே. 10 கிலோ குழந்தைக்குப் பாரசிட்டமால் 150 மி.கி. போதும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி.; 250 உள்ளது என்றால் 3 மி.லி.; ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் 1.5 மி.லி. வந்த நாட்டுப் பழக்கத்தில் டிராப்ஸை 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போய்விடும். டாக்டரிடமும் சிஸ்டரிடமும் மி.கி.யிலேயே பேசுங்கள்.

நர்ஸிடம் கேட்கத் தயங்காதீர்கள், ஆனால் கேட்கிற விதம் முக்கியம். "சரியாப் பாக்குறீங்களா?" என்றால் முகம் சுருங்கும். "சிஸ்டர், கடைசியா எத்தனை மணிக்கு யூரின் அளந்தீங்க?" என்றால் தாளைத் திருப்பிக் காட்டுவார்கள். டியூட்டி மாறும் நேரத்தில் பக்கத்தில் இருங்கள், விடுபடுவது அப்போதுதான்.

திரும்பிப் போகுமுன் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தளவு மி.கி.யிலும் பிறந்தபோதும் இப்போதும் உள்ள எடை கிராமிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜனில் எத்தனை நாள் இருந்தது என்பதையும் எழுதி வாங்குங்கள். குறைமாதக் குழந்தையின் விழித்திரைப் பரிசோதனை பெரும்பாலும் பிறந்த 4ஆம் வாரத்தை ஒட்டி வரும். விமான டிக்கெட்டும் அதே வாரத்தில் இருந்தால், டிக்கெட்டைத்தான் தள்ளிப் போட வேண்டும்.