தலைசுற்றலுக்கு எது மேல்: உப்பைக் குறைப்பதா, மாத்திரையா, பயிற்சியா?

தீராத தலைசுற்றலோடு இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு யோசனை வந்துகொண்டே இருக்கும். உப்பைக் குறை என்பார் ஒருவர். காபியை விட்டுவிட்டு நன்றாகத் தூங்கு என்பார் இன்னொருவர். நடுவில் பீட்டாஹிஸ்டின் மாத்திரையோ சின்னரிசின் மாத்திரையோ மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். உணவு, பழக்கவழக்கம், மாத்திரை ஆகிய மூன்றில் எது மேல் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், பலருக்கு இந்த மூன்றையும் விடத் தலையையும் கண்ணையும் அசைத்துச் செய்கிற பயிற்சிதான் மேல். அதைத்தான் கடைசியில் சொல்கிறார்கள், சில நேரம் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் அல்ல, பலருக்கு என்றுதான் சொல்கிறேன். தலைசுற்றல் ஒரே நோய் இல்லையே. ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் சுற்றுகிறது, எது அதைக் கிளப்புகிறது என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படுக்கையில் புரண்டாலோ அண்ணாந்து பார்த்தாலோ ஒரு நிமிடத்துக்குள் சுற்றி அடங்கிவிடுகிறதா? பெரும்பாலும் அது பிபிபிவி (BPPV), அதாவது தலையின் நிலை மாறும்போது வரும் தலைசுற்றல். உள்காதில் ஓரிடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் கழன்று, தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் விழுந்துவிடுகின்றன. தலையைத் திருப்பும்போது அவை உருள, மூளைக்குப் பொய்யான செய்தி போகிறது. துகள் இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதுதான் சிக்கல் என்றால், எந்த மாத்திரையும் அதை எடுத்து வெளியே போடாது. எப்ளி முறை போடும். ஜான் எப்ளி என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியது அது.

வலது காதில் பிரச்சினை என்றால் இப்படிச் செய்வார்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, தலை சற்றுக் கீழே தொங்கும்படி சட்டென்று மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். அப்போது சுற்றும், கண்மணிகள் துடிக்கும். அது அடங்கும்வரை காத்திருந்து தலையை 90 டிகிரி இடப்பக்கம் திருப்புவார்கள். மறுபடி காத்திருந்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி உடம்போடு சேர்த்து இடப்பக்கமாக உருட்டுவார்கள். அப்புறம் மெதுவாக எழுப்பி உட்கார வைப்பார்கள். சில நிமிட வேலைதான். பெரும்பாலோருக்கு ஓரிரு தடவையிலேயே குணம் தெரிகிறது. கழுத்து எலும்பில் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், முறையை மாற்றிச் செய்வார்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்பதைச் சோதித்துக் கண்டுபிடித்த பிறகுதான் வீட்டில் தானாகச் செய்து பார்க்கலாம். இந்த எளிய சோதனை நடக்காமலே பல மாதம் மாத்திரை விழுங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

பிபிபிவியில் உணவுக்கு ஒரே ஒரு இடம் உண்டு. 2020-இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு ஒரு வருடம் தினமும் இருவேளை 400 யூனிட் வைட்டமின் டியும் 500 மில்லிகிராம் கால்சியமும் கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப வருவது சுமார் 24 சதவீதம் குறைந்தது. அடிக்கடி திரும்பி வருகிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. ஆனால் அது வராமல் தடுக்க. வந்ததைப் போக்க எப்ளிதான்.

உப்பு பற்றிய அறிவுரை பொருந்துவது மெனியர் நோய்க்கு. சுற்றல் 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு காதில் இரைச்சல், அடைப்பு, கூடவே கேட்கும் திறனும் ஏறி இறங்கும். உள்காதில் திரவம் மிகுந்து போவதோடு இது தொடர்புடையது. அதனால்தான் நாளொன்றுக்குச் சோடியத்தை 1500 முதல் 2000 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ஒரு தேக்கரண்டி உப்பிலேயே சுமார் 2300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டால் மட்டும் போதாது. பாக்கெட் உணவு, ரொட்டி, சாஸ், பாலாடைக்கட்டி என்று கண்ணுக்குத் தெரியாமல் நுழைவதுதான் அதிகம்.

எதிர்த்தரப்பில் நிற்பது பீட்டாஹிஸ்டின். 2016-இல் வெளியான ஒரு ஜெர்மன் சோதனையில், மெனியர் நோயாளிகள் 221 பேரை மூன்று பிரிவாக்கி ஒன்பது மாதம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு அதிக அளவு பீட்டாஹிஸ்டின், ஒன்றுக்குக் குறைந்த அளவு, மூன்றாவதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மூன்று பிரிவிலும் சுற்றல் ஒரே மாதிரிதான் குறைந்தது. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கக்கூடியது என்பதால், எதை எடுத்தாலும் அதனால்தான் குணமானது போலத் தோன்றும். சரி, உப்புக் குறைப்புக்கு மட்டும் வலுவான ஆதாரம் இருக்கிறதா என்றால், அதற்கும் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான் உப்பைக் குறைப்பதையே முதலில் சொல்வேன். அதனால் ரத்த அழுத்தமாவது சீராகும். பீட்டாஹிஸ்டின் பொதுவாக உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் மருந்துதான் என்றாலும், சில மாதம் எடுத்தும் மாற்றம் இல்லையென்றால் இன்னும் எதற்கு என்று மருத்துவரிடம் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. இரண்டுக்கும் அடங்காத மெனியருக்குச் செவிப்பறை வழியாகப் போடும் ஊசிகள் இருக்கின்றன. ஜென்டாமைசின் அந்தக் காதின் சமநிலை உணர்வையே மட்டுப்படுத்தும், கேட்கும் திறனுக்கும் ஆபத்து உண்டு. ஸ்டீராய்டு அப்படிச் செய்யாது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2016 ஆய்வில் சுற்றலைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் ஸ்டீராய்டை முதலில் முயல்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

பழக்கவழக்க மாற்றம் முன்னே நிற்கும் இடம் ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த தலைசுற்றல். ஐந்து நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரை இழுக்கும். தலைவலி ஒவ்வொரு முறையும் வர வேண்டும் என்பதில்லை. வெளிச்சமும் சத்தமும் தாங்காது. நேரத்துக்குச் சாப்பிடுவது, ஒரே நேரத்துக்குத் தூங்கி எழுவது, காபியின் அளவை ஏற்றி இறக்காமல் வைப்பது, மதுவைத் தவிர்ப்பது ஆகியவைதான் இங்கே அடிப்படை. ஒரு நாட்குறிப்பில் சுற்றல் வந்த நேரம், முந்தைய இரவின் தூக்கம், விட்டுப்போன வேளை, மாதவிடாய் நாள் இவற்றை எழுதி வந்தால், எது கிளப்புகிறது என்று தெரிய ஆரம்பிக்கும். ஆகாத உணவு என்று யாரோ சொன்ன நீண்ட பட்டியலை அப்படியே பின்பற்றிப் பட்டினி கிடக்காதீர்கள். பசியே ஒரு தூண்டுதல். இவ்வளவும் செய்தும் அடிக்கடி வந்தால் ப்ரோபிரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்துகளைச் சேர்க்கிறார்கள். தலைவலிக்குப் பழகிய இந்த மருந்துகளுக்குத் தலைசுற்றலில் அதே அளவு ஆதாரம் கிடையாது.

இனி, சுற்றலை உடனே அடக்கும் மாத்திரைகள்: சின்னரிசின், புரோக்ளோர்பெரசின், மெக்லிசின், டயஸிபாம். சுவர் சுழன்று, வாந்தி நிற்காத நேரத்தில் இவை பெரிய உதவி, அதை மறுக்கவே முடியாது. ஆனால் ஓரிரு நாள், மிஞ்சினால் மூன்று நாள். காரணம் இதுதான்: ஒரு காதின் சமநிலை நரம்பு அழற்சியால் பழுதானால், இரு காதிலிருந்தும் வரும் செய்திகள் பொருந்தாமல் போகின்றன. மூளை அந்தப் பொருந்தாமையைக் கண்டுதான் புதிதாகக் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளும். மாத்திரை அந்தச் செய்தியையே மழுக்கிவிடுகிறது. இன்றைக்கு இதமாக இருக்கும், ஆனால் மூளை கற்றுக்கொள்ளத் தாமதமாகும். தூக்கக் கலக்கத்தில் வயதானவர்கள் கீழே விழுகிறார்கள். சின்னரிசினையும் புரோக்ளோர்பெரசினையும் நெடுநாள் எடுத்தால் கை நடுக்கம், நடை தளர்வு என்று பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகளும் வரலாம்.

பயிற்சி இதற்கு நேர்மாறு. முதல் வாரம் மோசமாகத்தான் இருக்கும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே, விரலின் உருவம் கலங்காத வேகத்தில் தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். ஒரு நிமிடம், நாளுக்குப் பல தடவை. பழகப் பழக வேகத்தைக் கூட்டி, பின்பு நின்றுகொண்டு, அப்புறம் நடந்துகொண்டே செய்வது. 1940-களில் பிரிட்டனில் காத்தார்ன், குக்சி என்ற மருத்துவர்கள் தலையில் அடிபட்டவர்களுக்காக வகுத்த பயிற்சிகளிலிருந்து வளர்ந்தது இந்த முறை. லேசாகச் சுற்றினால் சரியான அளவு. மணிக்கணக்கில் படுக்க வைத்தால் அளவு மீறிவிட்டது.

சுற்றல் போன பின்னும் மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாளும் ஒரு தள்ளாட்டம், பெரிய கடைகளில் அடுக்குகளைப் பார்த்தாலே மயக்கம் என்று இருப்பவர்களுக்கும் இதே பயிற்சி உதவும். அவர்களுக்கு மனநல ஆலோசனையும் சில மனச்சோர்வு மருந்துகளும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இது கற்பனை நோய் என்று அர்த்தமில்லை. விழுந்துவிடுவோமோ என்று மூளை ஓயாமல் காவல் இருப்பதைத் தளர்த்தத்தான் அவை.

இந்த ஒப்பீடெல்லாம் பழகிய தலைசுற்றலுக்குத்தான். திடீரென்று பேச்சுக் குழறினால், பொருட்கள் இரண்டாகத் தெரிந்தால், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்ந்தால், பிடிமானமின்றி நிற்கவே முடியாமல் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் தள்ளிப்போடாமல் அன்றே காட்டுங்கள்.

நெடுநாளாக அடக்கும் மாத்திரையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிட வேண்டாம். குறிப்பாக டயஸிபாமைச் சட்டென்று விட்டால் உடம்பு முரண்டு பிடிக்கும். மருத்துவரிடம் எந்த வகைத் தலைசுற்றல் என்று கேளுங்கள், பிபிபிவிக்கான சோதனை நடந்ததா என்று கேளுங்கள், மாத்திரையைக் குறைத்துக்கொண்டே பயிற்சியைத் தொடங்கத் தேதி கேளுங்கள். ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால், மருந்தை மாற்றச் சொல்லும் முன் நோயின் பெயர் சரிதானா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.