62 டாலர் ரெட் டாட்: நான் ஏமாந்த கதை

டெக்சாஸில் கன் வைத்திருக்கும் நம்மாட்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது கிளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ், அதாவது மேலே சைட் மாட்ட இடம் வெட்டிய மாடல். சட்டைக்குள் மறைத்து இடுப்பில் வைக்கும் மெலிந்த பிஸ்டல். குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் மாட்ட ஆசை, ஆனால் 200 டாலர் கொடுக்க மனம் வரவில்லை. ஆன்லைனில் 62 டாலருக்கு ஒன்று கண்ணில் பட்டது. "கிளாக்குக்குப் பொருந்தும், 9 எம்எம் தாங்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். என் பிஸ்டலின் குண்டு அளவும் 9 எம்எம்தான். வாங்கிவிட்டேன்.

எந்த கிளாக் என்று கேட்டிருக்க வேண்டும். 43எக்ஸின் ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம், ஒல்லி. ஆர்எம்எஸ்சி என்ற சின்ன வகை அடிப்பாகம் உள்ள சைட்தான் உட்காரும். அகலமான ஸ்லைடுக்கான ஆர்எம்ஆர் வகை உட்காராது. எனக்கு வந்தது சரியாக உட்கார்ந்தது, குருட்டு அதிர்ஷ்டம்.

ஸ்குரூவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கிளாக்கில் சைட்டை மாட்டும் வலப்பக்க ஸ்குரூ நீளமாக இருந்தால் உள்ளே இறங்கி, காலி தோட்டாவை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை அழுத்தும் கம்பி ஓடும் குழியை முட்டும். ரேஞ்சில் முதல் குண்டிலேயே காலி தோட்டா வெளியே வராமல் சிக்கியது. பக்கத்து லேன் பெரியவர்தான் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஸ்குரூவை அரம் போட்டுக் குறைத்தேன்.

மறுவாரம் 10 கஜத்தில் ஜீரோ செய்தேன், அதாவது புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்தேன். இரண்டு மேகசின் தாண்டியதும் குண்டுகள் இடப்பக்கம் ஒதுங்கின. ஸ்குரூ தளரவில்லை, தளர்ந்தால் தெரிவதற்காக அதன்மேல் போட்ட பெயிண்ட் கோடு நகராமல் இருந்தது. சைட்டுக்குள்தான் ஏதோ நகர்கிறது. ஐந்தாவது மேகசினில் சுடும்போதெல்லாம் புள்ளி அணைந்தது. பழைய டிவியைத் தட்டுவதுபோல் தட்டினால் எரியும்! ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடு பின்னால் போய் முன்னால் வந்து மோதுகிறது, சைட்டும் அதன் மேலேயே சவாரி செய்கிறது. பேட்டரியைப் பிடிக்கும் தகடு அந்த அடியைத் தாங்கவில்லை. உயிரைக் காக்க என்று இடுப்பில் வைக்கும் சாமானில் இந்த லட்சணம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "விவரத்தின் கடைசி வரியைப் படிக்கவில்லையா? ஏர்சாஃப்டுக்கு மட்டும்" என்று பதில். பிளாஸ்டிக் குண்டு விளையாட்டுத் துப்பாக்கிக்காம்! தலைப்பில் 9 எம்எம் தாங்கும் என்று போட்டிருக்கிறதே என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். மாட்டிய தடம் இருப்பதால் ரிட்டர்ன் கிடையாது என்று முடித்துவிட்டான்.

நேற்று மறுபடி தேடிப் பார்த்தேன். அதே படம், அதே கொட்டை எழுத்து, வேறு கடைப் பெயர். விலை மட்டும் 54 டாலர்.