முப்பரிமாணப் படம் பார்க்க: திரைக்கண்ணாடியா, விஆர் ஹெட்செட்டா?

இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே விலகிய இன்னொன்று. 1838இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிய இந்தச் சூத்திரம் இன்றும் மாறவில்லை; பார்க்கும் கருவிதான் மாறியிருக்கிறது.

தலையில் மாட்டிக் கண்களை முழுக்க மூடும் விஆர் (மெய்நிகர் உலகைக் காட்டும்) கருவியான மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை 515 கிராம். மூக்குக்கண்ணாடி வடிவில் கண்முன் சிறு திரைகளைக் கொண்ட எக்ஸ்ரியல் ஏர் திரைக்கண்ணாடி சுமார் 80 கிராம்தான். ஒரு திருமண ஆல்பத்தை முழுக்கப் பார்த்து முடிப்பதற்குள் கழுத்து இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

கண்ணாடியின் பார்வைக்கோணம் 46 பாகை மட்டுமே. குவெஸ்டில் ஏறத்தாழ 110. ஆனால் சாதாரணப் படங்களுக்கு இந்தக் குறுகல் ஒரு குறையே அல்ல. ஒவ்வொரு கண்ணுக்கும் 1920×1080 புள்ளிகள் அந்தச் சிறு பரப்பில் நெருங்கி அமைவதால், சேலையின் ஜரிகைகூடத் துல்லியமாகத் தெரிகிறது. ஹெட்செட்டில் புள்ளிகள் அகலப் பரவிவிடுகின்றன.

தொல்லை தொடங்குவது கண்ணாடியைப் போனுடன் இணைக்கும் கேபிளில். யுஎஸ்பி-சி வழியே திரைக்காட்சியை வெளியே அனுப்பாத போனில் கண்ணாடி வெறும் கறுப்புக் கண்ணாடிதான். ஐபோன் 15 புரோவில் எடுத்த ஸ்பேஷியல் வீடியோவை (ஐபோனின் முப்பரிமாண வீடியோ) இடம்-வலம் அருகருகே அமையும் வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். கண்ணாடியையும் இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டும் 3840×1080 நிலைக்குத் திருப்ப வேண்டும். குவெஸ்டில் இந்தச் சடங்குகள் குறைவு.

சுற்றிலும் சூழும் 180 பாகை வீடியோ என்றால் யோசிக்காமல் ஹெட்செட். குடும்பப் படங்களுக்கு என் கை கண்ணாடியைத்தான் தேடுகிறது.