முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போய் என் வழிகாட்டியின் பெயரில் போலிப் பரிந்துரைக் கடிதம் போன கதை: உயிர்மருத்துவ மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வரும் டிசம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உயிர்மருத்துவ அறிவியல் முனைவர் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கவிருக்கும் முதுகலை மாணவர்களுக்காகவும், அவர்களுக்காகக் கல்விக் கடனுக்கு அலையத் தயாராகும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். சென்னையில் இயங்கும் ஒரு வெளிநாட்டுக் கல்விக் கன்சல்டன்சி 2024ஆம் ஆண்டின் இறுதியில் என் விண்ணப்பங்களை என்ன செய்தது என்பதை, என்னிடமுள்ள ரசீதுகளையும் பல்கலைக்கழகங்கள் எனக்கு எழுதிய மின்னஞ்சல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறை அவர்களுக்கு மட்டுமே உரியதல்ல என்பது, வேறு ஊர்களில் வேறு நிறுவனங்களிடம் பணம் கட்டிய தோழிகளிடம் பேசியபோது எனக்குத் தெரியவந்தது. ஆகவே முறையை விரிவாகச் சொல்கிறேன்.

நான் உயிர்வேதியியல் முதுகலை முடித்தவள். என் கல்லூரியிலிருந்து எனக்கு முன்னால் யாரும் நேரடியாக அமெரிக்க முனைவர் படிப்புக்குப் போனதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள மூத்த மாணவர்கள் இல்லாத நிலையில், "பயோமெடிக்கல் பிஎச்டி, முழு உதவித்தொகையுடன்" என்று விளம்பரம் செய்திருந்த அந்த அலுவலகத்துக்கு அப்பாவும் நானும் போனோம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த தொகை 85,000 ரூபாய். விண்ணப்பக் கட்டணங்கள் தனி.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்காவில் உயிர்மருத்துவ முனைவர் படிப்புக்குப் பொதுவாக மாணவர் பணம் கட்டுவதில்லை. கல்விக் கட்டணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டு, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தருகிறது. பெரும்பாலான இடங்களில் அது ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும். பல துறைகளைச் சேர்த்து ஒரே வாயிலாகச் சேர்க்கை நடத்தும் படிப்புகளில், முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் வீதம் சுழற்சி முறையில் வேலை செய்து பார்த்த பிறகே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வு செய்பவர்கள் அந்தத் துறையின் பேராசிரியர்கள். டிசம்பர் முதல் வாரத்திலோ நடுப்பகுதியிலோ விண்ணப்பம் முடியும், ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல் நடக்கும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்ஐஎச்) பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே என்பதால், நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கான இடங்கள் வேறு நிதியிலிருந்து வர வேண்டும். அதனால் அவை குறைவு, போட்டி கடுமை. இந்த அமைப்பில் எங்கேயும் ஒரு முகவருக்குத் தரகுத் தொகை கொடுக்க இடமில்லை. அவரால் நமக்கு ஒரு இடம் வாங்கித் தரவும் முடியாது.

சொந்தப் பணத்தில் படிக்கும் முதுகலைப் படிப்புகளின் கதை வேறு. மாணவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கை முகவருக்குக் கமிஷனாகக் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளன. நான் முனைவர் படிப்பில் சேர்ந்தால் அந்த அலுவலகத்துக்கு என் 85,000 ரூபாயோடு வருமானம் முடிந்துவிடும். நான் கடன் வாங்கி முதுகலையில் சேர்ந்தால் அதற்கு மேல் கமிஷனும் வரும். பின்னால் நடந்தவை எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கு விளக்கிவிடுகிறது என்றே நான் நம்புகிறேன்.

முதலில், அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் பயிற்சி வகுப்பைத் தனிக் கட்டணத்தில் விற்றார்கள். 2018ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி, அமெரிக்க உயிரறிவியல் முனைவர் படிப்புகளில் மிகப் பல அந்தத் தேர்வைக் கேட்பதை நிறுத்திவிட்டன. மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் துறைகளும் உண்டு. என் பட்டியலில் இருந்த படிப்புகளில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை. அடுத்ததாக, மதிப்பெண் பட்டியல்களை வெளி நிறுவனத்திடம் கொடுத்து அமெரிக்க முறைக்கு மதிப்பிட வேண்டும் என்று சொல்லி அதற்கும் பணம் வாங்கினார்கள். விண்ணப்ப நிலையில் பல துறைகளுக்கு மதிப்பெண் பட்டியலின் ஸ்கேன் பிரதியே போதும்; அசல் ஆவணங்களை இடம் கிடைத்த பிறகுதான் கேட்கிறார்கள். இதற்கென்று என் அசல் மதிப்பெண் பட்டியல்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மிகப் பெரிய கேடு மின்னஞ்சல் முகவரியில் தொடங்கியது. ஒவ்வொரு பல்கலைக்கழக இணையவாசலிலும் கணக்குத் தொடங்க, என் பெயரை வைத்து அவர்களே ஒரு புதிய மின்னஞ்சல் முகவரியை உருவாக்கினார்கள். கடவுச்சொல்லைக் கேட்டபோது, மாணவர்கள் தவறான பொத்தானை அழுத்திவிடுகிறார்கள், அதனால் அலுவலகமே வைத்துக்கொள்வது எங்கள் நடைமுறை என்றார்கள். கட்டணம் செலுத்தப்பட்டதா, கடிதங்கள் வந்துசேர்ந்தனவா, நேர்காணல் அழைப்பு வந்ததா என்ற தகவல்கள் அனைத்தும் அந்த முகவரிக்குத்தான் போயின. எனக்கு வந்ததெல்லாம் "பிராசஸிங்கில் இருக்கிறது" என்ற வாட்ஸப் செய்தி மட்டுமே.

என் நோக்க அறிக்கையை, நாம் எஸ்ஓபி என்று சொல்வதை, நானே எழுதிக் கொடுத்திருந்தேன். என் ஆய்வு காசநோய் மருந்து எதிர்ப்பைப் பற்றியது. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கிருமியின் ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதியில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது, அந்த நொதியின் ஒரு பகுதியை உருவாக்கும் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் 81 கார இணைகளே நீளமுள்ள ஒரு பகுதியில் நேரும் பிறழ்வுகள்தாம் அந்த மருந்துக்கான எதிர்ப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டுக்குக் காரணம். அப்படிப் பிறழ்ந்த கிருமி பெரும்பாலும் வளர்ச்சியில் சற்றுப் பின்தங்குகிறது, பிறகு ஆர்.பி.ஓ.சி. என்ற இன்னொரு மரபணுவில் நேரும் மாற்றத்தால் அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்கிறது. இந்த ஈடுகட்டலின் ஒரு சிறு பகுதியை, நோய் உண்டாக்காத மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸில் நான் ஆராய்ந்தேன். எந்தச் சோதனை தோற்றது, ஏன் தோற்றது, அடுத்து எந்தக் கேள்வியைக் கேட்க விரும்புகிறேன், அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருடைய ஆய்வுக்கூடம் அதற்குப் பொருந்தும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். சேர்க்கைக் குழு தேடுவது இதைத்தான்.

பின்னர் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு அனுப்பிய பிரதியில் இவற்றில் ஒரு வரிகூட இல்லை. சிறு வயதிலேயே டிஎன்ஏ படத்தைப் பார்த்து வியந்ததாகவும், என் பாட்டி புற்றுநோயால் இறந்ததால் மருந்து கண்டுபிடிக்க உறுதி பூண்டதாகவும் அதில் எழுதியிருந்தது. என் பாட்டி இன்றும் நலமாக எங்களுடன் இருக்கிறார். ஆண்டுக்கணக்கில் ஆய்வகத்தில் நின்று செய்த வேலையை நீக்கிவிட்டு, நடக்காத ஒரு சாவை என் பெயரால் எழுதி ஒரு பேராசிரியர் குழுவின் முன் வைத்தார்கள் என்பதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதே பாட்டியும் அதே டிஎன்ஏ படமும் என்னுடன் பதிவு செய்திருந்த மற்றொரு மாணவியின் கட்டுரையிலும் இருந்தன.

பரிந்துரைக் கடிதங்களில் நடந்தது இதைவிட ஆபத்தானது, சட்டப்படியும் குற்றமானது. முறை என்னவென்றால், விண்ணப்பதாரர் மூன்று பேராசிரியர்களின் பெயரையும் அலுவல்முறை மின்னஞ்சல் முகவரியையும் தருவார். பல்கலைக்கழக இணையவாசல் அவர்களுக்கு நேரடியாக இணைப்பு அனுப்பும். அவர்கள் எழுதி அங்கேயே பதிவேற்றுவார்கள். மாணவர் அந்தக் கடிதத்தைப் பார்ப்பதே வழக்கமில்லை. கெடு நெருங்கியபோது என் முதுகலை ஆய்வு வழிகாட்டியிடம் கேட்டேன். "எனக்கு எந்த லிங்க்கும் வரலையேம்மா, நீ இன்னும் அப்ளை பண்ணலைன்னு நினைச்சேன்" என்றார் மேடம். அலுவலகத்தில் கேட்டதற்கு, கடிதங்கள் எல்லாம் போய்விட்டன, கவலைப்படாதீர்கள் என்றார்கள். போயிருந்தன. என் வழிகாட்டியின் பெயரில் இலவச மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்கி, இணைப்பை அங்கே வரவழைத்து, அவர்களே கடிதம் எழுதிப் பதிவேற்றியிருந்தார்கள்.

இதன் விளைவு ஒரு விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு நிற்பதில்லை. போலிக் கடிதம் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தைப் பல்கலைக்கழகம் திரும்பப் பெறலாம், சேர்ந்த பிறகும் நீக்கலாம். தெரிந்தே பொய்த் தகவல் தந்து விசா பெற முயன்றதாக முடிவானால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டப்படி அந்நாட்டில் நுழையவே நிரந்தரத் தடை வரலாம். அந்தக் கடிதத்தின் கீழ் இருந்தது என் வழிகாட்டியின் பெயர். அவருடைய நம்பகத்தன்மையும் என்னோடு சேர்ந்தே பணயமாக வைக்கப்பட்டது. "எங்கள் கன்சல்டன்சியே லெட்டர் ஏற்பாடு செய்துவிடும்" என்று யாராவது சொன்னால், அந்த நாற்காலியை விட்டு அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

பிப்ரவரியில், எல்லா முனைவர் விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டுவிட்டன என்று சொன்னார்கள். காரணமாக அமெரிக்காவின் ஆராய்ச்சி நிதிக் குறைப்பைக் காட்டினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை: 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதி நிலை குழப்பமானதால் பல பல்கலைக்கழகங்கள் உயிர்மருத்துவச் சேர்க்கையைக் குறைத்தன, மாசசூசெட்ஸ் சான் மருத்துவக் கல்லூரி கொடுத்த இடங்களையே திரும்பப் பெற்றது. செய்திகளில் வந்த உண்மையைக் கேடயமாக வைத்துக்கொண்டு, அதே மூச்சில் வேறொரு பல்கலைக்கழகத்தின் "எம்எஸ் பயோமெடிக்கல் சயின்சஸ்" படிப்புக்கான சேர்க்கைக் கடிதத்தை நீட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும், கடன் வாங்க வங்கி ஆளும் பக்கத்து அறையில் இருக்கிறார், இதில் சேர்ந்தால் பிஎச்டிக்கு அப்படியே மாறிக்கொள்ளலாம் என்றார்கள்.

பெற்றோர்கள் இந்த இடத்தை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தப் பெயரில் நடக்கும் முதுகலைப் படிப்புகளில் கணிசமானவை, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத அந்நாட்டு மாணவர்கள் தங்கள் மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டு மறுபடி எம்டிக்கு (அங்கே அடிப்படை மருத்துவப் பட்டமே அதுதான்) விண்ணப்பிப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. உடற்கூறியல், உடலியங்கியல் என்று வகுப்பறைப் பாடங்களே அதிகம். ஆய்வகத்தில் ஆய்வேடு எழுதும் வாய்ப்பு சிலவற்றில் அறவே கிடையாது. இந்தியாவில் ஏற்கெனவே முதுகலை முடித்து ஆய்வு அனுபவமும் உள்ள ஒருவருக்கு அதனால் கிடைப்பது முப்பது நாற்பது லட்ச ரூபாய்க் கடன்தான். முனைவர் படிப்புக்கு அங்கிருந்து "மாறிக்கொள்வது" என்று ஒன்று தானாக நடப்பதில்லை. மறுபடி விண்ணப்பித்துத்தான் ஆக வேண்டும். படிப்பின் பாடத்திட்டத்தைத் திறந்து, ஆய்வேடு கட்டாயமா என்று பாருங்கள். முந்தைய மாணவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்ற பக்கத்தில் மருத்துவக் கல்லூரிகளின் பெயர்களே நிறைந்திருந்தால் அது யாருக்கான படிப்பு என்பது தெரிந்துவிடும். அப்பா முன்பணம் கட்ட மறுத்துவிட்டார். அந்த மறுப்புதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது.

அதன் பிறகு என் சொந்த முகவரியிலிருந்து, கடவுச்சீட்டின் பிரதியை இணைத்து, பட்டியலில் இருந்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கும் எழுதினேன். பதில்கள் நாகரிகமாகவும் விரைவாகவும் வந்தன. சில இடங்களில் என் விண்ணப்பம் தொடங்கப்பட்டு, சமர்ப்பிக்கப்படாமலே கிடந்தது. சில இடங்களில் முனைவர் படிப்புக்குப் பதிலாக முதுகலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஓரிடத்தில் பொருளாதார நிலையைக் காட்டி விண்ணப்பக் கட்டண விலக்குப் பெற்றிருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்துக்கென்று என்னிடம் 100 டாலருக்கான தொகையை வாங்கிய ரசீது என் கையில் இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் என் வழிகாட்டி எழுதியது அல்ல என்பதை அவரும் நானும் சேர்ந்து அந்தந்தப் பல்கலைக்கழகங்களுக்கு எழுத்தில் தெரிவித்து, விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றோம். இதே நிலையில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். நாமே முன்வந்து சொன்னதற்கான பதிவு பிற்பாடு மிகவும் தேவைப்படும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மதிப்பெண் பட்டியல்களைத் தர வேண்டுமானால் "மீதித் தொகை" கட்டு என்றார்கள். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்த மறுநாள் பட்டியல்கள் வந்துவிட்டன, பணம் வரவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதல் 318ஆம் பிரிவிலும் போலி ஆவணம் புனைவது 336ஆம் பிரிவிலும் வருகின்றன; புகாரில் இரண்டையும் குறிப்பிட்டோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையக் கட்டணம் கிடையாது, இணையவழியிலேயே பதிவு செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடவும் செய்யலாம். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. ரொக்கமாகப் பணம் கட்டிய என் தோழியிடம் ரசீது இல்லாததால் அவர் மிகவும் திண்டாடுகிறார். எதைக் கட்டினாலும் வங்கி வழியே கட்டுங்கள்.

ஆலோசனைக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்க அரசின் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை வழியாகச் சென்னையிலும் செயல்படுகிறது. ஜெர்மனியில் முனைவர் ஆய்வு செய்ய விரும்புவோருக்கு ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) இருக்கிறது, அங்கே மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். துறைகளில் மேற்படிப்பு மாணவர்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதும் ஒரு மின்னஞ்சலுக்கு, நான் கண்டவரையில், எந்தக் கன்சல்டன்சியின் பதிலையும்விடத் தெளிவான பதில் கிடைக்கிறது. நான் இப்போது சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி, மாதம் 37,000 ரூபாய் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகையில் இங்கேயே ஆய்வைத் தொடர்கிறேன். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தை விடவில்லை.

இந்தச் சுற்றில் ஏற்கெனவே ஏதாவது அலுவலகத்திடம் பணம் கட்டிவிட்டவர்கள் இன்றே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு விண்ணப்பக் கணக்கிலும் உள்ள மின்னஞ்சலை உங்கள் சொந்த முகவரிக்கு மாற்றிக் கடவுச்சொல்லைப் புதிதாக அமையுங்கள். மறுத்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு நேரடியாக எழுதுங்கள். உங்கள் மூன்று பேராசிரியர்களையும் அழைத்து, பல்கலைக்கழகத்திலிருந்து இணைப்பு அவர்களுடைய சொந்த அஞ்சல்பெட்டிக்கு வந்ததா என்று கேளுங்கள். அதே கன்சல்டன்சியிடம் ஏமாந்ததாகச் சந்தேகிப்பவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால், ஆணையத்தில் நான் தாக்கல் செய்த புகாரின் நகலையும் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிய கடிதத்தின் மாதிரியையும் தருகிறேன்.