டோக்கனையும் பின் நம்பரையும் கொடுத்துவிட்டு டெண்டரை இழந்தேன்: சேலத்தில் சின்ன ஏஜென்சி நடத்துகிறவர்களுக்கு

சேலத்தில் 11 வருடமாக ஒரு சின்ன மேன்பவர் ஏஜென்சி நடத்துகிறேன். துப்புரவு வேலைக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் ஆள் அனுப்புவது தொழில். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கத்துப் பெண்கள்தான் பெரும்பாலும் என்னிடம் இருக்கிறார்கள். போன வருடம் மாவட்டத்தில் ஒரு அரசு வளாகத்துக்கு 22 பேர் கேட்டு ஒரு வருட ஒப்பந்தம் வந்தது. அந்த டெண்டரில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். என்னைப் போல அவசரத்தில் அடுத்தவரை நம்பி ஓடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், தெரியும்.

ஆன்லைனில் டெண்டர் போடுவது எனக்கு வராது என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஐந்து ரோட்டுப் பக்கம் மாடியில் ஒரு அறை வைத்து டெண்டர் கன்சல்டன்ட் என்று ஒருவர் இருந்தார். இரண்டு வருடமாக அவர்தான் எனக்கு எல்லாம் போட்டுக் கொடுப்பார். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (பென் டிரைவ் மாதிரி இருக்கும், ஆன்லைனில் நம் கையெழுத்தைப் போடுவது அதை வைத்துத்தான்) அவரிடமே இருக்கும். அதைத் திறக்கும் பின் நம்பரும் அவருக்குத் தெரியும். இந்த டெண்டருக்கு 12,000 ரூபாய் வாங்கினார். ஆவணங்களை எல்லாம் நானே ஸ்கேன் செய்து, பக்க எண் போட்டு, 43 பக்கத்தை ஒரே பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் கொடுத்தேன். கடைசி மூன்று பக்கம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்டிய சலான்.

டெக்னிக்கல் பிட் (தகுதி ஆவணங்கள் இருக்கும் பகுதி) திறந்த நாலாம் நாள், ஒரு திங்கட்கிழமை, மெயில் வந்தது. "இ.எஸ்.ஐ. செலுத்தியதற்கான ஆதாரம் இணைக்கப்படாததால் தங்கள் ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்படுகிறது." படித்ததும் கை நடுங்கிவிட்டது. வேலை கிடைக்கும் என்று நம்பி ஆதார் நகல் கொண்டுவந்து கொடுத்த பெண்களின் கவர் மேஜை மேலேயே இருந்தது. அவர்களில் ஒரு அக்கா, தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வேலை என்று சந்தோஷப்பட்டவர்.

அன்றைக்கே கன்சல்டன்டிடம் போனேன். "அக்கா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. வேணும்னே தூக்கியிருக்காங்க. அப்பீல் போட்டு ஆர்டரையே மாத்திக் காட்டறேன்" என்றார். அதற்கு 40,000. ஜிபே-யில் 25,000, மீதி ரொக்கம். ரசீது கேட்கத் தோன்றவில்லை. அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

ஒரு வாரம் போனது. கேட்டால் "மனு கொடுத்தாச்சு, ஃபைல் நகருது" என்பார். இரண்டு தடவை என்னையே அந்த அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே இருந்த அலுவலரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அவர் நிதானமாக, "அம்மா, நீங்க போட்டதுல இல்ல. வேணும்னா உங்க லாகின்ல போய்ப் பாருங்க" என்றார். நான் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

பதினான்காம் நாள் தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஆர்டரையும் கன்சல்டன்ட் கொடுத்த மனுவின் நகலையும் வாங்கிப் படித்துவிட்டு, "இது அப்பீலே இல்லம்மா" என்றார். அவர் சொன்னதைக் கவனமாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் மாநில அரசுத் துறை, உள்ளாட்சி, வாரியம் போடும் டெண்டர்களுக்கு 1998ஆம் வருடத்து ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் பொருந்தும். அதில் 11ஆம் பிரிவின்படி மேல்முறையீடு அரசிடம்தான் போக வேண்டும். அதுவும் ஆர்டர் கையில் கிடைத்து 10 நாளுக்குள். டெண்டரைத் தள்ளிய அதே அலுவலகத்துக்கு "மறுபரிசீலனை செய்யவும்" என்று எத்தனை மனு கொடுத்தாலும் அது இந்த மேல்முறையீடு ஆகாது. என் கன்சல்டன்ட் எழுதியது அதே அலுவலகத்துக்கு, ஒன்றரைப் பக்கம். 10 நாள் போயே போய்விட்டது. (ரயில்வே மாதிரி மத்திய அரசு அலுவலகங்களின் டெண்டருக்கு இந்தச் சட்டம் கிடையாது. அங்கே வேறு விதி.)

அரசின் முடிவை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் டெண்டர் முடிவு சரியா தப்பா என்று கோர்ட் மறுபடி மதிப்பெண் போடாது, முடிவெடுத்த முறையில் பாரபட்சமோ அநியாயமோ இருந்தால்தான் தலையிடும் என்றார். டாடா செல்லுலார் வழக்கில் 1994லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாம். "முதல்ல நீங்க என்ன போட்டீங்கன்னு பாருங்க" என்றார் அவரும்.

சரி என்று டோக்கனை வாங்கப் போனேன். கன்சல்டன்ட் வெளியே போயிருந்தார். அங்கே வேலை பார்க்கும் பையன் மேஜை டிராயரைத் திறந்தான். உள்ளே ஒரு ஸ்வீட் டப்பா. அதில் பதினைந்து இருபது டோக்கன், ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி ஏஜென்சி பெயரும் நாலு, ஆறு எண்களும் பால்பாயிண்ட் பேனாவில். என் டோக்கன் மேலேயும் என் பின் நம்பர் எழுதியிருந்தது. அதற்கு அடுத்து கிடந்த டோக்கனில், அந்த டெண்டரை எடுத்த ஏஜென்சியின் பெயர்.

அவர் இரண்டு பக்கமும் விளையாடினார் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதனால் சொல்லவும் மாட்டேன். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். என் டோக்கனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தங்கை மகனை உட்கார வைத்து லாகின் செய்தோம். நான் போட்டதாக இருக்கும் பிடிஎஃப் திறந்தது. 40 பக்கம். கடைசி மூன்று பக்கம் இல்லை. அந்த அலுவலர் சொன்னது முழுக்க உண்மை.

டெண்டர் கடைசி நேரம் வரைக்கும் நாம் போட்டதைத் திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் மாற்றி மறுபடி போடலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் போட்டது கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு. ஐந்து நிமிடம் நான் திறந்து பார்த்திருந்தால் 22 பேருக்கு வேலை இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் வக்கீல் சொன்னார். டோக்கனில் இருக்கும் சாவியை (கையெழுத்துப் போடும் ரகசியக் குறியீடு) பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு கையெழுத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான் என்று 2000ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது. அந்த டப்பாவில் இருந்து என் பெயரில் யார் என்ன கையெழுத்துப் போட்டிருந்தாலும் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

பணத்தைக் கேட்டதற்கு, "அப்பீல் வேலைக்குத்தானே வாங்கினேன், மனு கொடுத்தேனே" என்றார். அப்புறம் போனே எடுப்பதில்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர் கொடுத்த மனுவின் நகல், வாட்ஸ்அப்பில் "ஃபைல் நகருது" என்று அவர் அனுப்பியது எல்லாம் சேர்த்து போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதற்கான ரசீது (சிஎஸ்ஆர்) வாங்கியிருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்த 15,000க்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. டெண்டருக்குக் கட்டிய முன்வைப்புத் தொகை (இ.எம்.டி.) மட்டும் அந்த அரசு அலுவலகத்தில் இருந்து கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. போய் அந்த அலுவலரிடம் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

பழைய டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழை ரத்து செய்து புது டோக்கன் வாங்கியாயிற்று. அது இப்போது வீட்டு பீரோவில், நகைப் பெட்டிக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு டெண்டர் வருகிறது. தங்கை மகன் பக்கத்தில் இருக்க, நான்தான் போடப் போகிறேன். அந்த அக்காவிடம் ஆதார் நகலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "இருக்கட்டும்மா, அடுத்ததுக்கு ஆகும்" என்று வாங்கிக்கொள்ளவில்லை.