நடந்தே வாழ எந்த ஊர்: சிதம்பரமா, கும்பகோணமா, ஸ்ரீரங்கமா, காரைக்குடியா?

சென்னையை விட்டு ஒரு சின்ன ஊருக்குக் குடிபோவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வாடகை ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நடை. நாங்கள் இருக்கும் மடிப்பாக்கத்துத் தெருவிலிருந்து அம்மா தனியாக மருந்துக் கடைக்குப் போய்வர முடியாது. நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் உயரமான மழைநீர் வடிகால் மூடி, அதன் பக்கத்தில் மின்பெட்டி, அதை ஒட்டி நிறுத்திய கார், மிச்சம் இருக்கிற இடத்தில் எதிர்ப்பக்கமாக வரும் பைக். வயதான ஒருவர் ஒவ்வொரு முறை வெளியே போகவும் ஆட்டோ கூப்பிட வேண்டியிருந்தால், கொஞ்ச நாளில் அவர் வெளியே போவதையே விட்டுவிடுவார். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. அதனால் எந்த ஊரைப் பார்த்தாலும் நான் கேட்டது இது ஒன்றைத்தான்: காய்கறி, பால், மருந்து, வங்கி, ஒரு டாக்டர், கோயில், பஸ் ஸ்டாண்டு எல்லாம் வீட்டு வாசலில் இருந்து கால்மணி நேர நடையில், பயமில்லாமல் கிடைக்குமா?

சென்னைக்குள்ளேயே அப்படி இடம் இல்லையா என்றால் இருக்கிறது, மயிலாப்பூர் மாட வீதிகள். ஆனால் அங்கே வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது, போதாக்குறைக்கு மெட்ரோ வேலைக்காக அந்தப் பகுதியில் தெருக்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். தி.நகர் பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை போட்டார்கள், நடக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது கடைக்குப் போகிற தெரு, குடியிருக்கிற தெரு அல்ல.

மாட வீதிகளை யோசித்துப் பார்த்தால்தான் தமிழ்நாட்டில் நடக்கத் தோதான பழைய ஊர்கள் எல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்று புரிகிறது. எல்லாம் தேருக்காக விட்ட தெருக்கள். தேர் மூலை திரும்ப வேண்டும் என்பதால் கோயிலைச் சுற்றி நான்கு வீதிகளை நேராகவும் அகலமாகவும் விட்டார்கள், வருஷத்துக்கு ஒரு முறையாவது தேர் ஓடியாக வேண்டும் என்பதால் அந்த வீதியில் வீட்டை முன்னால் இழுத்துக் கட்டுவதும் அவ்வளவு சுலபமில்லை, அந்த வீதிகளில் கடைகள் வந்தன, பின்னால் உள்ள தெருக்களில் வீடுகள் வந்தன. நடுவில் கோயில் இருப்பதால் லாரியோ பஸ்ஸோ குறுக்கே புகுந்து போக வழியில்லை. இந்த அமைப்பு எங்கே இன்னும் உயிரோடு இருக்கிறதோ அங்கே நடக்கலாம்.

முதலில் சிதம்பரம். நான் பார்த்ததில் நடைக்கு மிகத் தெளிவான ஊர் இதுதான். நடராஜர் கோயில் மட்டும் ஏறக்குறைய 40 ஏக்கர், அதைச் சுற்றிக் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. ஒரு முறை சுற்றி வந்தால் ஊரே மனதில் பதிந்துவிடும், வழி தப்பவே முடியாது, எந்த முனையில் நின்றாலும் ஒரு கோபுரம் தெரியும். காலையில் இந்த நான்கு வீதிகளையும் சுற்றி நடைப்பயிற்சி போகிறவர்கள் எல்லா வயதிலும் இருக்கிறார்கள், அவர்களில் கைத்தடியோடு நடக்கும் பெரியவர்களைப் பார்த்தபோதே எனக்குப் பாதி முடிவு வந்துவிட்டது. நடைபாதை என்று தனியாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை, ஆனால் வீதி அகலமாக இருப்பதால் ஓரமாக நடக்க இடம் இருக்கிறது, கடையோரம் பைக் நிறுத்தினாலும் நடுரோட்டுக்கு இறங்க வேண்டியதில்லை. வடக்கு வீதிப் பக்கம் மற்றதைவிட அமைதி.

ரயில் நிலையம் ஊரின் கிழக்கே, கோயிலில் இருந்து நடந்தே போய்விடலாம், பஸ் ஸ்டாண்டும் அந்தப் பக்கம்தான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாமலை நகர், 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்தால் ஊருக்குக் கிடைக்கிற பெரிய நன்மை மருத்துவக் கல்லூரி. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று இருந்ததை அரசு எடுத்துக்கொண்டு இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கியிருக்கிறது. தேரடியில் இருந்து ஆட்டோவில் சில நிமிஷ தூரத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் சின்ன ஊர் எத்தனை சொல்ல முடியும்?

குறை என்னவென்றால் தண்ணீர். கொள்ளிடம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் தட்டையான நிலம். சென்னையில் நாம் குடிக்கத் தண்ணீர் வரும் வீராணம் இந்தப் பக்கத்து ஏரிதான், அந்த ஏரி நிரம்பி உபரி நீர் திறக்கும் வருஷங்களில் சுற்றுவட்டார கிராமங்கள் படும் பாடு வேறு. 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. வீடு பார்க்கும்போது அந்தத் தெருவில் அந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

அடுத்தது கும்பகோணம், மனசு போவது என்னவோ இங்கேதான். சாப்பாடு, காபி, வெற்றிலை, பித்தளைப் பாத்திரக் கடைகள், சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு, காவிரியில் பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை, இரண்டு கோயிலுக்கு நடுவே பொற்றாமரைக் குளம். சாரங்கபாணி, கும்பேஸ்வரர், சக்கரபாணி, ராமசாமி கோயில்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரம். நடந்து பார்க்க இவ்வளவு விஷயம் உள்ள சின்ன ஊர் நம் மாநிலத்தில் வேறு இல்லை என்றே சொல்வேன். பெரிய கடைத்தெருவில் கிடைக்காத பொருள் இல்லை, சிதம்பரத்தில் ஒரு நல்ல எலக்ட்ரிகல் சாமானுக்கு இரண்டு கடை ஏறி இறங்கினால் இங்கே முதல் கடையிலேயே கிடைக்கும்.

ஆனால் சுற்றிப் பார்க்க நடப்பதும் தினமும் மருந்து வாங்க நடப்பதும் வேறு வேறு. கும்பகோணம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவில் அடைபட்ட ஊர். பல கோயில்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வீதி, அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் சிதம்பரத்தின் அந்த நேரான சதுரம் இங்கே கிடையாது. இதற்கு மேல் நவக்கிரகச் சுற்றுலா வேன்கள், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களுக்கு வரும் கார்கள், சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே சந்தை என்பதால் வரும் மினி பஸ்கள். 2021-இல் மாநகராட்சி ஆகியும் தெரு அதே தெருதானே. காலை எட்டு மணிக்கு முன்னால் சொர்க்கம், பத்து மணிக்கு மேல் அம்மாவைக் கடைத்தெருவுக்குத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வராது. மகாமகக் குளத்தை ஒட்டிய தெருக்கள் கொஞ்சம் விசாலம், ரயில் நிலையமும் பக்கம், கும்பகோணம்தான் என்று முடிவு செய்பவர்கள் அங்கே வீடு தேடுங்கள். கடந்த மகாமகம் 2016-இல், அடுத்தது 2028-இல் வரும், அந்தச் சமயத்தில் குளத்தங்கரைத் தெருவில் குடியிருப்பது எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தனியார் ஆஸ்பத்திரிகள் நிறைய, மருத்துவக் கல்லூரி வேண்டுமென்றால் 40 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூர்.

ஸ்ரீரங்கம் தனி ஊர் இல்லை, திருச்சி மாநகராட்சியின் ஒரு பகுதி, ஆனாலும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவாக இருப்பதால் சின்ன ஊரின் குணம் அப்படியே இருக்கிறது. கோயிலின் ஏழு மதில்களில் வெளிச்சுற்றுகளுக்குள்ளேயே வீடும் கடையும். தைத் தேர் உத்திர வீதியில் ஓடும், சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடும், ஆக தேர் வீதிகளே இரண்டு சுற்று. வண்டிகள் கோபுர வாசலில் ஒடுங்கித்தான் நுழைய வேண்டும் என்பதால் உள்ளே வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது, இதை எந்த வேகத்தடையாலும் செய்ய முடியாது. வயதானவர்கள் மட்டும் குடிபோவதாக இருந்தால் நான் யோசிக்காமல் ஸ்ரீரங்கம் என்பேன். ஓய்வுபெற்றவர்கள் ஏற்கெனவே ஏராளமாக வந்து தங்கியிருக்கிறார்கள், பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை, பல்லவன், மலைக்கோட்டை போன்ற ரயில்கள் ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும், விமானம் வேண்டுமென்றால் திருச்சி இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் பகல் பத்து, இராப் பத்து என்று நாள் முழுக்கக் கூட்டம் என்பதைப் பக்தர்கள் வரமாக நினைக்கலாம், மற்றவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இடித்தது பையனின் பள்ளியும் வாடகையும். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய கடை என்று எதற்கும் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குப் போவதும் சேர்ந்துகொள்கிறது, அப்புறம் மறுபடியும் பஸ், ஆட்டோ என்று ஆரம்பித்துவிடும்.

காரைக்குடி பற்றி நண்பர்கள் நிறையச் சொன்னார்கள். வரைபடத்தில் பார்த்தால் இதைவிட ஒழுங்கான தெருக்கள் கிடையாது, கட்டம் போட்ட மாதிரி நேர் நேராக ஓடும். நடந்து பார்த்தால் வேறு அனுபவம். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெரு வரை நீள்பவை, அதனால் பின்தெரு முழுக்க மதில்தான், கடையும் இல்லை, திண்ணையில் ஆளும் இல்லை. பல வீடுகள் விசேஷத்துக்கு மட்டும் திறக்கிறவை. வெயில் காலத்தில் அந்த நீண்ட தெருக்களில் மரநிழல் இல்லாமல் பகலில் நடப்பது பெரியவர்களுக்கு ஆகாது. கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைப்பகுதி கலகலப்பானது, அதை விட்டு வெளியே வந்தால் எல்லாம் வண்டியில் போகிற தூரம். ஆனால் ஊரின் தரம் உயர்ந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: அழகப்பா பல்கலைக்கழகம், மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1939 முதல் நடக்கும் கம்பன் விழா. பிள்ளைகளின் படிப்புக்காகவும் அமைதிக்காகவும் போகிறவர்களுக்கு நல்ல ஊர், தினசரி நடைக்கு மூன்றாம் இடம் கூடக் கொடுக்க மாட்டேன்.

புதுச்சேரியை விட்டுவிட்டால் எல்லோரும் கேட்பார்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியில் இருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை, இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அந்த ஊரை மெச்ச வேண்டும், மெரினாவை ஒட்டி அப்படி ஒரு மாலையை நாம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் வெள்ளை நகரத்தில் தங்கும் விடுதிகளும் உணவகங்களும்தான் அதிகம், வார இறுதியில் நம்மூர்க் கூட்டமும் பெங்களூரு கூட்டமும் அங்கேதான், வாடகையும் அதற்கேற்ப இருக்கும். வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியில் தெருத் தாழ்வாரம் வைத்த பழைய வீடுகள் அழகு, நடக்கவும் நிழல் உண்டு, வசதி இருப்பவர்கள் அங்கே பாருங்கள். சின்ன ஊர் என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள்.

தென்காசி சாரலுக்கு ஆசைப்பட்டுக் கொஞ்ச நாள் பேசினோம். சென்னைக்கு ஒரு இரவுப் பயணம், எனக்கு ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் மாதம் ஒரு முறையாவது தலைகாட்ட வேண்டும், சரிப்படாது.

இந்தப் போக்குவரத்து விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ் என்றாலே வண்டலூருக்கு அப்பால் என்று ஆகிவிட்டது, வடசென்னையில் உறவினர் இருப்பவர்களுக்கு அது தனிப் பயணம். எனவே ரயில்தான் நிம்மதி. சிதம்பரம், கும்பகோணம் இரண்டுக்கும் பகலில் சோழன், இரவில் உழவன் என்று இருக்கின்றன, தூரம் குறைவு என்பதால் சிதம்பரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். விழுப்புரம் தாண்டினால் ஒற்றைப் பாதைதான், எதிர் வண்டிக்காகக் காத்து நிற்பது சகஜம். காரைக்குடிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் பல்லவன் நல்ல பகல்நேர ரயில், காலையில் அங்கே ஏறினால் மதியம் சென்னை.

எந்த ஊராக இருந்தாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நடக்கக்கூடிய பகுதி ஒவ்வொரு ஊரிலும் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு மேல் இல்லை. புரோக்கர்கள் காட்டுவது அதை இல்லை, பைபாஸ் ஓரத்தில் வயலை மேடாக்கிப் போட்ட மனைகளையும் அங்கே கட்டிய தனி வீடுகளையும்தான். சிதம்பரத்தில் வாங்குகிறேன் என்று அங்கே வாங்கினால் பால் பாக்கெட்டுக்கும் ஸ்கூட்டர் எடுக்க வேண்டும், இன்னொரு மடிப்பாக்கம்தான் கிடைக்கும், அதுவும் தெருவிளக்கு குறைவாக. பழைய தெருவில் பழைய வீடு என்றால் அதிலும் சிரமம் உண்டு: ரேழி, கூடம், முற்றம் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கழிப்பறை கொல்லைக் கோடியில், உயரமான வாசற்படிகள், முற்றத்தில் மழை பெய்தால் வழுக்கும் தரை. முட்டி வலிக்காரர்களுக்குக் கைப்பிடி போடவும் மேற்கத்திய கழிப்பறை வைக்கவும் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வரிசை இப்படி வந்திருக்கிறது: சிதம்பரம், அதற்குப் பின் கும்பகோணம், அம்மாவும் அப்பாவும் மட்டும் என்றால் ஸ்ரீரங்கம் முதலிடம். கும்பகோணத்தை இரண்டாவதாக வைப்பதில் வீட்டில் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை, மனைவி இன்னும் அங்கேதான் என்கிறாள், கடைகளும் இசைக் கச்சேரிகளும் மனிதர் நடமாட்டமும் அவளுக்கு முக்கியம், அதுவும் நியாயம்தான். ஆனால் தனியாகக் கிளம்பி தனியாகத் திரும்ப வேண்டியது அம்மா, அவர் நான்கு வீதியையும் சுற்றி வந்துவிட்டு இங்கே பயமில்லை என்றார். சிதம்பரத்தில் வடக்கு வீதியிலோ அதன் பின்தெருக்களிலோ தரைத்தளமாக ஒரு வீடு பார்த்து, வாங்காமல், 11 மாத ஒப்பந்தத்தில் போகிறோம். ஆனித் திருமஞ்சனத் தேருக்கு முன்னால் குடிபோய்விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையையும் மார்கழிக் கூட்டத்தையும் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம், பையனின் அடுத்த பள்ளி ஆண்டுக்கு முன் இருப்பதா கும்பகோணம் மாறுவதா என்று முடிவெடுக்கவும் நேரம் இருக்கும்.