மோர்ப் பந்தலா, முதியோர் இல்லமா, மரக்கன்றா: சின்னப் பிள்ளைகளுக்கு எது தோது?

நாலிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளோடு குடும்பமாகத் தொண்டு செய்ய, கொங்குப் பக்கம் சுலபமாக அமைவது இந்த மூன்றும்தான். பிள்ளையின் கையால் கொடுப்பது எதில் நடக்கிறது என்பதுதான் எங்கள் அளவுகோல். பெரியவர்கள் கொடுக்க, பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிப்பது கணக்கில் வராது.

அப்படிப் பார்த்தால் முதலிடம் நீர்மோருக்கு. வெயிலில் வந்தவர் குடித்து முடித்ததும் அவர் முகமே சொல்லிவிடும். நாலு வயதுக்கு வேறு விளக்கம் வேண்டாம். நூறு பேருக்கு 200 மில்லி வீதம் 20 லிட்டர்: தயிர் 4 லிட்டர், மீதி தண்ணீர். கொத்தமல்லி, கறிவேப்பிலை கிள்ளுவது பிள்ளைகள் வேலை. பச்சை மிளகாயைத் தொட விடாதீர்கள், அந்தக் கை கண்ணுக்குத்தான் போகும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்கினால் சித்திரை வெயிலுக்கு மதியத்துக்குள் புளித்துவிடும். இரண்டு தவணையாகக் கலக்குங்கள். புது மண்பானையை ஒரு நாள் முழுக்க ஊறவைக்காவிட்டால் மோரில் மண்வாடை அடிக்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளர் முப்பது, கழுவ இரண்டு வாளி போதும். முக்கால் டம்ளர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டி, "குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லப் பழக்குங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்தால் சிணுங்கல்தான். அப்போது "நல்லா ஊத்துனா ஐஸ்கிரீம்" என்று பேரம் பேசுவது பெரிய தப்பு. 20 மாதக் குழந்தைகளை வைத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், உதவிக்குப் பொருள் பரிசு வாங்கிய குழந்தைகள் பிறகு உதவியது குறைந்துபோனது.

பந்தலின் குறை, கோடையோடு முடிந்துவிடும். வருஷம் முழுக்க என்றால் முதியோர் இல்லம் நல்லது, ஆனால் பிறந்தநாளன்று வேண்டாம். கேக் வெட்டி போட்டோ முடியும்வரை தட்டோடு பெரியவர்கள் காத்திருப்பார்கள். வாழ்த்து வாங்கி வருவதோ பிள்ளை. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், அதே இல்லம், முடிந்தால் அதே அமிச்சியோடு (பாட்டியோடு) பல்லாங்குழி. குழிக்கு ஐந்தாக 14 குழிக்கு 70 புளியங்கொட்டையைப் பிள்ளையே எண்ணி எடுத்து வரட்டும். தின்பண்டம் கொண்டுபோவதானால் சர்க்கரை, உப்பு, மெல்லும் பல் மூன்றையும் முன்னாலேயே போனில் கேட்டுவிடுங்கள். பிள்ளைக்குச் சளி என்றால் அந்த மாதம் போகாதீர்கள்.

மரக்கன்று ஆறு வயதுக்கு மேல். பலன் தெரிய வருஷக்கணக்காகும், நாலு வயதுக்கு அந்தப் பொறுமை இருக்காது. மலை மறைப்பதால் மழை குறைவான நம் பக்கம் ஐப்பசி மழையில் ஒன்றரை அடிக் குழியில் வேம்போ புங்கனோ வைத்தால், பிறகு இரண்டு கோடைக்கு வாரம் இரு தடவை தண்ணீர் சுமக்க வேண்டும். முள்வேலி கட்டாமல் விட்டால் ஆடு ஒரே சாயங்காலத்தில் மொட்டையடித்துவிடும். மறுநாள் தண்ணீர் பாட்டிலோடு வந்து நிற்கும் பிள்ளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.